எந்தப் பனி, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த இமயமலையின் கேதார்காந்தா சிகரத்துக்கு ஏறுவது பற்றிய கட்டுரையில் ஒரு வரி: ‘பனியில் நடக்க நல்ல கிரிப் உள்ள ஷூ இருந்தாலே போதும்.’ படித்ததும் என் இடுப்பு ஒருமுறை வலித்து அடங்கியது.

எந்தப் பனியில்? மார்கழியில் கோலம் போடும்போது தலையில் இறங்குவதும் நமக்குப் பனி. இமயமலையில் முழங்கால் வரை புதைவதும் பனி. கண்ணாடி மாதிரி இறுகிக் கிடப்பதும் பனி. புதிதாக விழுந்த பொலபொலப்பான பனிக்கு ஷூ போதும், சரி. ஆனால் 12,500 அடி உச்சியில் சூரியோதயம் பார்க்க இருட்டோடு கிளம்புகிறார்கள். முந்தின நாள் அத்தனை பேர் மிதித்து அமுக்கிய பாதை, ராத்திரிக் குளிரில் எண்ணெய் கொட்டிய மொசைக் தரையாகிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

நான் போன ஜனவரியில் போனேன். வயது 54. வழுக்காமலிருக்க ஷூவின் மேல் மாட்டுவது ஒன்றை அக்கா மகன் ஆன்லைனில் 500 ரூபாய்க்கு வாங்கித் தந்தான். ரப்பர் வலையில் கம்பிச் சுருள் சுற்றியது. “வெயிட்டே இல்லை சித்தி, பாக்கெட்டில் போட்டுக்கலாம்” என்றான். சமதளத்தில் குறை சொல்ல முடியாது. இறங்கும்போது சரிவில் குறுக்கே கால் வைத்தேன். வலை நழுவி ஷூவின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே இருபது அடி போனேன். வழிகாட்டிப் பையன் குறுக்கே பாய்ந்து பிடித்தான். திட்டவில்லை, தன் பையிலிருந்து ஒரு ஜோடி மைக்ரோஸ்பைக் எடுத்து, குனிந்து மாட்டிவிட்டான். ஷூவைக் கவ்வும் ரப்பர் பட்டை, அடியில் சங்கிலி, ஒரு சென்டிமீட்டர் எஃகுப் பற்கள். ஜோடி அரைக் கிலோகூட வராது. அப்புறம் கீழே வரும்வரை நறுக், நறுக்.

வேடிக்கை என்னவென்றால், ‘ஷூ போதும்’ என்ற கட்டுரைக்கு மேலே நீங்கள் போட்ட படத்தில் இருப்பவர் காலில் கிராம்பான்! அங்குல நீளப் பற்கள், வளையாத பூட்ஸில் மாட்டுவது. பழகாதவர்கள் போட்டால் சொந்தப் பேண்டிலேயே குத்திக்கொண்டு விழுவோம். படத்தையாவது யாராவது பார்த்தீர்களா?

தலைக்குந்தா புல்வெளியில் உறைபனி படிந்தால், வருடா வருடம் ‘ஊட்டியில் பனிப்பொழிவு’ என்று தலைப்பு போடுவதும் நீங்கள்தான். அது பொழிவதில்லை ஐயா, தரையிலேயே உறைவது. மூன்று ஜனவரியாக எழுதுகிறேன், ஒரு கடிதமும் அச்சில் வரவில்லை. நான் அனுப்பிய தீபாவளி லேகியக் குறிப்பு மட்டும் பெயர், ஊர் சகிதம் அடுத்த வாரமே வந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ‘எடுத்துச் செல்ல வேண்டியவை’ பெட்டியில் சன்ஸ்கிரீனுக்கும் பவர் பேங்குக்கும் நடுவே ஒரு வரி: மைக்ரோஸ்பைக், ஷூ அளவுக்குப் பொருந்தியது. விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்பவர்களுக்கு, அடிவார ஊரான சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். பகலில் இளகிய பனி பற்களில் உருண்டையாக ஒட்டிக்கொண்டால் தட்டிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தால் புண்ணியம்.

இடமில்லை என்றால் சொல்லுங்கள், இதையும் சமையல் குறிப்பாக எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
மேட்டூர்