இந்தப் புத்தகங்கள் யாருடையவை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். (யாங்கோன் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் எங்கள் வீடுகளில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வருவதில்லை.) எங்கள் தெருவே தபாலாபீஸ் தாத்தா என்று கூப்பிட்ட பெரியவர் போன மாதம் காலமானார், வயது 86. நாற்பது வருஷம் தபால் இலாகாவில் கடிதம் பிரித்துப் போடும் வேலை, 1998-ல் ஓய்வு. பெரிய பதவி இல்லை, எந்தப் பத்திரிகையும் அவரைப் பற்றி எழுதப் போவதில்லை. நான் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், அவர் விட்டுப்போன தமிழ்ப் புத்தகங்களுக்கு உரியவர்களின் பிள்ளைகள் உங்கள் வாசகர்களில் இருக்கலாம்.

1964-ல் பர்மாவில் நடந்ததை, இங்கிருந்து போய்ச் சென்னை வியாசர்பாடியிலும் பர்மா பஜாரிலும் இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே 17-ல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள், அப்புறம் நம் சனம் கப்பல் கப்பலாகச் சென்னைக்குக் கிளம்பியது. நகைநட்டையே கொண்டுபோக முடியாதவர்கள் புத்தகத்தையா சுமந்துகொண்டு போவார்கள்? சர்க்கார் வேலையில் இருக்கிற பையன், ஊரைவிட்டுப் போகப்போவதில்லை என்று இவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். "கொஞ்ச நாள் வச்சிருப்பா, நிலைமை சரியானதும் வந்து வாங்கிக்கிறோம்." அப்போது இவருக்கு 26 வயது, ஒற்றை அறை வீடு, புதுசாகக் கல்யாணம் வேறு. பாட்டி கடைசிவரை இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார்.

வாங்கி வைத்த ஒவ்வொன்றையும் தபாலாபீஸ் பதிவேடு மாதிரியே ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினார். தேதி, கொடுத்தவர் பெயர், ரங்கூனில் எந்தத் தெரு, தமிழ்நாட்டில் எந்த ஊர். சில இடங்களில் செட்டியார் கடை விலாசத்தின், அதாவது கடைப் பெயரின், முதலெழுத்துகள் மட்டும் இருக்கின்றன. தேவாரம், குறள், சித்த வைத்தியம், கணக்குப் புத்தகம், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து அட்டை போட்ட தொடர்கதைகள். ஒன்றில் யாரோ ஒரு அம்மா மளிகைக் கணக்கு எழுதியிருக்கிறார். எனக்குக் கதையைவிட அதுதான் பிடிக்கும்.

அறுபதுகளில் இங்கே தமிழ்ப் பள்ளிகளும் தமிழ்ப் பத்திரிகைகளும் நின்றுபோன பிறகு அவர் தேடிப்போய் வாங்கவும் ஆரம்பித்தார். சம்பளம் வந்ததும் பன்சொடான் தெரு நடைபாதைக்கும் 37-ஆம் தெருப் பழைய புத்தகக் கடைகளுக்கும் போவார். காகிதக்காரர்களிடம் தமிழ்ப் புத்தகம் எடைக்கு வந்து கிடக்கும். இங்கே இன்னும் வீசைக் கணக்குதான், உங்கள் ஊரில் மறைந்துபோன அதே பெயர். அப்படி வாங்கியவற்றிலும் முதல் பக்கத்தில் பெயர் இருந்தால் அதையும் நோட்டில் ஏற்றிவிடுவார், காசு கொடுத்து வாங்கியது என்றாலும் தன்னுடையது என்று எழுத மாட்டார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தை யாருக்கும் வெளியே தர மாட்டார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், கை கழுவிவிட்டு. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்ட வந்ததே அந்தத் திண்ணையில்தான், ஆனாலும் பத்து வயதில் அவர்மேல் அவ்வளவு கோபம். கேட்டால், உடையவன் வந்து நின்றால் நீயா பதில் சொல்வாய் என்பார்.

தெருக்களின் பழைய பெயர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். டல்ஹவுசி தெரு மகாபந்தூலா தெருவாகி, பிரேசர் தெரு அனோரத்தா தெருவாகி எத்தனையோ காலம் ஆன பிறகும் தமிழ்நாட்டிலிருந்து பழைய பெயரிலேயே கடிதம் வருமாம். மற்றவர்கள் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், இவர் வாங்கி உரிய கட்டுக்குள் போடுவார். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பெருமை தெரியும்.

புத்தகம் வைக்க ஒரு பீரோ வாங்கப் பணம் சேர்த்தார். எல்லாம் 75 கியாட் நோட்டு. 1987 செப்டம்பரில் 25, 35, 75 நோட்டுகளும் செல்லாது என்று அறிவித்தார்கள், மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அந்த நோட்டுகள்தான் இன்றைக்கும் பல புத்தகங்களில் பக்க அடையாளமாக இருக்கின்றன. பீரோ கடைசிவரை வாங்கவில்லை, தகரப் பெட்டிகள்தான், உள்ளே வசம்பும் வேப்பிலையும். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் கூரை போனபோது பெட்டிகளைத் தார்ப்பாயில் சுற்றி, ராத்திரி முழுக்க மேலேயே உட்கார்ந்திருந்தார், 70 வயதில். அப்படியும் இரண்டு பெட்டி நனைந்துவிட்டது.

இப்போது 400 புத்தகத்துக்கு மேல் இருக்கின்றன. அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாரம் என்று நினைக்கிறார்கள், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஒரு சங்கத்தில் கேட்டோம், இடமில்லை என்றார்கள். உரியவர்கள் கிடைக்கும்வரை பெட்டிகள் என் வீட்டில்.

நோட்டிலிருந்து பெயர், தெரு, ஊர் மூன்றையும் பார்த்து எழுதிப் பட்டியலாக உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். யாராவது தங்கள் தாத்தா ரங்கூனில் இந்தத் தெருவில் இருந்தார் என்று உங்களுக்கு எழுதினால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், அனுப்பும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். வைகாசியில் இங்கே மழை பிடித்துவிடும். என் வீட்டுக் கூரையும் அவ்வளவு நல்ல கூரை இல்லை.

இப்படிக்கு,
திண்ணையில் படித்த ஒருவன்,
ரங்கூன்.