ஆண்டறிக்கை: காய்ச்சல் வலிப்பும் ஆன்டிபாடிப் பரிசோதனையும்

தலைவர் அவர்களுக்கும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஊர்களிலிருந்து வந்திருக்கும் வலிப்பு நோயாளர் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக் கூட்டங்களில் அதிகம் எழுந்த கேள்வி: "காய்ச்சல்ல பிள்ளைக்குக் கை கால் இழுத்துச்சு, ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கணுமா?"

ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்; சிலருக்கு அது தன் மூளையையே தாக்கி வலிப்பை வரவழைக்கும், அதைப் பார்ப்பதே இந்த டெஸ்ட். பெரும்பாலும் வேண்டாம். 6 மாதம் முதல் 5 வயதுக்குள், உடம்பு முழுவதும் இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் மறுபடி வராவிட்டால் அது சாதாரணக் காய்ச்சல் வலிப்பு. பிள்ளை தெளிந்துவிட்டால் இஇஜி (மூளையின் மின்னோட்டப் பதிவு), ஸ்கேன், ஆன்டிபாடி எதுவும் தேவையில்லை. காய்ச்சல் எதனால் என்று பார்க்க வேண்டும். மயக்கம் தெளியாவிட்டாலோ கழுத்து விறைத்தாலோ உடனே மருத்துவமனை, மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். மூன்றில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு திரும்பும். பாராசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கும், வலிப்பைத் தடுக்காது.

பரிசோதனை அவசியமானவர்கள் வேறு. நன்றாயிருந்தவருக்குச் சில வாரங்களுக்குள் புதிதாக வலிப்பு, குணமாற்றம், பேச்சுக் குறைவு, வாய் தானாக அசைவது என்று வந்தால் மூளையைத் தாக்கும் என்எம்டிஏ என்ற வகை ஆன்டிபாடியைச் சந்தேகிக்கிறார்கள். வயதானவருக்கு முகமும் அதே பக்கத்துக் கையும் நொடிப்பொழுது வெட்டி, அது நாளில் பலமுறை வந்து, இரத்தத்தில் சோடியமும் குறைந்திருந்தால் எல்ஜிஐ1 என்ற வகை ஆன்டிபாடியை. முன்னது முதுகுத்தண்டு நீரில் தெளிவாகத் தெரியும், பின்னது இரத்தத்தில். அதனால் இரண்டையும் எடுப்பதே சரி.

நடைமுறையில் பிழை நேர்வது இங்கேதான்: இதற்குச் சிகிச்சையாக ஐவிஐஜி (கொடையாளர் இரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றிய பிறகு இரத்தம் எடுத்தால், ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ஆன்டிபாடியும் கலந்து முடிவு குழம்பும். மாதிரியை முதலில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்தின் வழக்கமான அளவு தினமும் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் 5 நாள். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சை தொடங்கினால் தடுக்காதீர்கள், தாமதம்தான் கெடுதல்.

ஃபெனிடோயின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுவோரில் சிலருக்கு, கிருமியைத் தடுக்கும் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி குறையும். அடிக்கடி சளி, காதுவலி என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதலுதவிப் பயிற்சிக்கு அப்பத்தாக்களும் ஆயாக்களும் திரளாக வந்தது பெரிய நிறைவு. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. தானாக நிற்கும் நேரத்தில் சாவி பேர் வாங்கிக்கொள்கிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், மருத்துவர் எழுதித் தந்திருக்கும் மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே: கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 2 மில்லிகிராம். ஒரு அழுத்தத்துக்கு 0.5 மில்லிகிராம் தரும் புட்டியில் மூக்குத் துளைக்கு இரண்டாக 4 அழுத்தம். 1.25 மில்லிகிராம் தரும் புட்டியும் விற்கிறது, லேபிளைப் படித்த பிறகே அழுத்துங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்