வாசித்துக் காட்டியவர்களுக்கு நன்றி

எங்கள் ஊரில் அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு ஒரு பத்திரம் வரும். சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று மகள் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம். "தங்கச்சி, இதுல ஒரு கையெழுத்து" என்பார் அண்ணன். சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு, அப்புறம் என்ன என்று போட்டுவிடுவோம். அம்மா போட்டாள், அத்தை போட்டாள். நான் மட்டும் வாசித்துப் பார்க்கணும் என்றேன். அங்கே ஆரம்பித்ததுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

டவுன் பஸ்ஸில் வந்து, கைக்காசு போட்டுத் திரும்பிப் போன வக்கீல் அக்காவுக்கு முதல் நன்றி. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது கிடையாதாம். "ஒரு வருசம் பொறுத்துக் கட்டியிருக்கலாமே" என்றார் 1988-இல் கல்யாணமான ஒரு பெரியம்மா. கூட்டமே சிரித்தது. சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. 2005 மத்தியச் சட்டத்தில் அந்த வேலியும் போனது, அந்தச் சட்டம் வரும்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்பதையெல்லாம் அக்கா நாலு தடவை விளக்கினார். வழக்கு என்று வந்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி மையத்தில் இலவச வக்கீல் உண்டு என்றும் சொல்லிக்கொடுத்தார்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்ன செங்கல்பட்டுக் கதையை மறக்கவில்லை. 1929 சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள், சட்டம் வர 60 வருடம் ஆனது என்றீர்கள். எங்கள் தெருவுக்கு வர இன்னும் 35 ஆனது, ஐயா.

பத்திர எழுத்தர் அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வது? கையெழுத்துக்கு முன் முழுப் பத்திரத்தையும் பெண்களிடம் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். அதனாலேயே வேறு எழுத்தரிடம் போன குடும்பங்கள் உண்டு. பத்திரம் எழுதுவதுதான் அவருக்குப் பிழைப்பு.

அண்ணன் நாலு மாதம் என்னோடு பேசவில்லை. மதினி பேசினார். "நானும் ஒரு வீட்டுல மகதானே" என்று அண்ணனிடமே சொல்லியிருக்கிறார். போன மாதம் பாகப்பிரிவினை பதிவானது. என் பங்கு 40 சென்ட். சாட்சிக் கையெழுத்து மதினியுடையது. பதிவு முடிந்ததும் அண்ணன் எனக்கும் சேர்த்துத்தான் டீ சொன்னார், முகத்தைப் பார்க்காமலே.

டீக்கடை மாமா, உங்கள் பெஞ்சுகளுக்கும் நன்றி. பேப்பர் படிப்பது போலக் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்த ஆண்களையும் நாங்கள் கவனித்தோம். வருகிற ஞாயிறு ரெண்டு பெஞ்ச் கூடுதலாக வேண்டும்.