இடைவேளையிலும் பாடம் இருக்கிறது: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். "எல்லாரோடும் சேர்ந்து விளையாடு", "சண்டை போடாதே", "விட்டுக்கொடு" என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறோம், ஆனால் அதை எப்படிச் செய்வது என்று சொல்லித் தருவதே இல்லை. கழித்தல் வராத பிள்ளையை "ஒழுங்காகக் கழி" என்று அதட்டிவிட்டு நகர்ந்துவிடுவீர்களா? கடன் வாங்குவதிலிருந்து ஒவ்வொரு படியாகக் காட்டி, தப்பானால் மறுபடி போடச் சொல்வீர்கள். பழகத் தெரியாத பிள்ளைக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடைப்பதில்லை. அடங்காதவன், வாயே திறக்காதவள் என்று ஒரு பட்டம்தான் கிடைக்கிறது.

நடந்துகொண்டிருக்கும் ஒரு விளையாட்டில் போய்ச் சேர்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு இது சின்ன விஷயம், ஏழு வயதுக்கு இது மலை. புட்டல்லாஸ், காட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் கவனித்தார்கள்: எளிதில் சேர்த்துக்கொள்ளப்படும் பிள்ளைகள் அங்கே என்ன நடக்கிறதோ அதோடு ஒட்டிப் பேசுகிறார்கள், ஒதுக்கப்படும் பிள்ளைகளோ தன்னைப் பற்றிப் பேசுவது, கேள்வி கேட்பது, மறுத்துப் பேசுவது என்று கவனத்தைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறார்கள். அப்படியென்றால் இதைச் சொல்லித் தரலாம் இல்லையா? முதலில் பக்கத்தில் நின்று பார், என்ன ஆட்டம் என்று புரிந்துகொள், ஆட்டம் நிற்காதபடி ஒரு வேலையைச் செய், ஓடிப்போன பந்தை எடுத்துக் கொடு, அப்புறம் கேள். வகுப்பிலேயே நாலு பேரை விளையாட வைத்து, ஐந்தாவது பிள்ளை வந்து சேர்வதை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்று சொன்னால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துத்தான்.

பாடத்துக்கே நேரமில்லை என்பீர்கள். நியாயம்தான். ஆனால் 2011இல் டர்லக் என்ற ஆய்வாளரின் குழுவினர், பழகும் திறன்களைச் சொல்லித்தரப் பள்ளிகளில் நடந்த 213 திட்டங்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தத் திறன்களைக் கற்ற பிள்ளைகள் படிப்பிலும் முன்னேறியிருந்தார்கள். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை 11 இடம் முன்னால் போகும் அளவுக்கு. வெளியிலிருந்து நிபுணர் வரத் தேவையில்லை, வகுப்பாசிரியர்களே நடத்தியபோதும் பலன் இருந்தது. படிப்படியாக, செய்து பார்க்க வைத்து, அதற்கென்று நேரம் ஒதுக்கி, எந்தத் திறன் என்று தெளிவாகச் சொல்லி நடத்திய இடங்களில் பலன் நன்றாக இருந்தது. மாதம் ஒரு நன்னெறிக் கதை இதற்கு ஈடாகாது.

சண்டை வந்ததும் "ஸாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்துவதை நிறுத்துங்கள். உதட்டளவில் சொல்லிவிட்டு ஓடுவதில் எதுவும் சரியாவதில்லை. என்ன நடந்தது என்று இருவரிடமும் கேளுங்கள், இப்போது என்ன செய்தால் சரியாகும் என்று அவர்களே யோசிக்கட்டும். அதேபோல, கண்ணைப் பார்த்துப் பேசு என்று எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள், ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அது பெரும் அவஸ்தை. கூச்சம் உள்ள பிள்ளைக்கு ஒரே ஒரு நண்பன் போதும்.

கடைசியாக, ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடம் எழுதவில்லை, வகுப்பில் பேசினான் என்று இடைவேளையைப் பறிக்காதீர்கள். தண்டனைக்காக அதை நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2013இலேயே சொல்லிவிட்டது. பழகத் தெரியாததால் சண்டை போட்ட பிள்ளையிடமிருந்து, பழகிப் பார்க்க இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தையும் பிடுங்கிக்கொண்டால் அவன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்?

அன்புடன்,
மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா