பிர்னோவைப் பற்றி ஒரு கடிதம்

பொள்ளாச்சி,
ஆவணி 9.

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புகிறவற்றுக்கெல்லாம் இரண்டு நீலக் குறிகள் விழுகின்றன, பதில்தான் வருவதில்லை. உனக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆகவே இம்முறை தபாலில் எழுதுகிறேன். படித்தாயா இல்லையா என்று காட்டிக்கொடுக்கும் குறி எதுவும் காகிதத்தில் கிடையாது.

சென்ற மாசியில் நீ அனுப்பிய வின்செஸ்டர் 1890 துப்பாக்கியின் படத்தை இன்றும் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுப் பட்டைக் குழல், முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் அந்த மரப்பிடி, கை பட்டுப் பட்டு நிறம் போன இடம் எல்லாம் தெரிகின்றன. ஜான் பிரவுனிங்கின் அமைப்பு என்றும், 1932 வரை செய்தார்கள் என்றும், உன்னிடம் இருப்பது ஷார்ட் என்ற குட்டைத் தோட்டாவுக்கென்றே செய்ததால் அதைவிட நீளமான லாங் ரைபிள் தோட்டா அதில் ஏறாது என்றும் நீ எழுதியிருந்தது நினைவிருக்கிறது. உட்புறம் உளுத்துப் போயிருக்கிறது என்று வருத்தப்பட்டிருந்தாய். 1920களின் பிற்பகுதி வரை வந்த தோட்டாக்களின் மருந்து எரிந்த பிறகு குழலில் உப்பைப் படியவிடும். சுட்ட அன்றே துடைக்காவிட்டால் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். யாரோ ஒருவர் அன்றைக்குச் சோம்பியிருக்கிறார். அவ்வளவுதான்.

நீ அதன் மரத்தைத் தேய்த்து வார்னிஷ் பூசாமல் அப்படியே விட்டிருப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இங்கே கோயில் தூணை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, மூலைக் கற்சிலைக்குப் பளபளவென்று எனாமல் அடிக்கிறார்களே, பழைய துப்பாக்கியைப் புதுசாக்குகிறவர்களும் அந்தக் கூட்டம்தான்.

உன் துப்பாக்கிக் கிடங்கு வீட்டுக்கு அடியில் இருப்பதாகச் சொன்னாய். அமெரிக்க வீடுகளின் நிலவறையில் கோடையில் ஈரம் ஏறும் என்று உன் பெரிய மாமா சொல்கிறார். ஈரம் முதலில் பிடிப்பது, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் அந்த போல்ட்டைத்தான். ஆகவே எல்லாவற்றின் போல்ட்டுகளையும் கழற்றி, எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, இரண்டு தெரு தள்ளி இருக்கிற மதுரைக்காரர் வீட்டில் கொடுத்து வை. போல்ட் இல்லாத 1890ஐயும் ஸ்டீவன்ஸ் ரைபிளையும் அவற்றின் திருகைக் கழற்றிப் பாதியாகப் பிரிக்கலாம் என்று நீதானே சொன்னாய். ஒரு பாதி உன்னிடம் இருக்கட்டும், மறு பாதி அவரிடம் இருக்கட்டும். துருவுக்கு அதுதான் நல்லது.

சென்ற ஆண்டு ஜூலையில் ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி சுடும் போட்டிக்குப் போய், உன் வயதைவிட மூத்த மாஸ்பெர்க் ரைபிளை வைத்துக்கொண்டு 600க்கு 561 எடுத்தாய். அந்தத் தாளை நான் அச்செடுத்து, உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். படுத்துச் சுட்டதில் பெரிதாகப் புள்ளி போகவில்லை. நின்று சுட்டதில்தான் விட்டிருக்கிறாய். உன் இடது முழங்கை விலாவில் ஒட்டுவதில்லை, சிறு வயதிலும் அப்படித்தான். இந்த ஆண்டு ஜூலை போய்விட்டது. போனாயா என்று எனக்குத் தெரியாது. எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் பாப்பா வீடியோவில் பேசினாள். பள்ளியில் நீச்சல் சேர்த்திருக்கிறார்களாம். நன்றாகப் பேசினாள். அவளுக்குப் பின்னால் தெரிந்த சுவர் மஞ்சளாக இருந்தது. உங்கள் வீட்டில் எந்தச் சுவரும் மஞ்சள் இல்லை. வீட்டுக்கு வண்ணம் மாற்றியிருப்பீர்கள் என்று எண்ணி மேற்கொண்டு கேட்கவில்லை. குழந்தை வந்து போகும் வீட்டில் போல்ட்டும் தோட்டாவும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, கண்ணு. மதுரைக்காரரிடம் கொடுத்துவிடு. அவர் கேள்வி கேட்கிற மனிதர் இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

சட்டத்தைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. ஹெச்1பி விசாவில் இருந்த அத்தனை ஆண்டுகளும் ஒன்றையும் வாங்காமல், கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் அந்த முதல் வின்செஸ்டர் 67ஐ வாங்கினாய். 1968க்கு முன்பு அங்கே இத்தகைய சிறு ரைபிள்களில் எண் பொறிப்பது கட்டாயம் இல்லாததால் அதில் எண்ணே இல்லை என்று நீ சொன்னபோது, கலெக்டர் ஆபீசுக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்து நடந்து எண்ணை மனப்பாடம் செய்தே ஆயுள் கழித்த உன் அப்பா சிரித்தார். போல்ட்டை மூடினாலும் சுடாது, பின்னால் இருக்கும் குமிழைக் கையால் தனியாக இழுத்து வைத்தால்தான் சுடும் என்றாயே, அந்த 67ஐ எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன் இன்னொரு முறை யோசிக்க வைக்கிற சாமான் அது.

இனி நான் எழுத வந்த செய்தி. நம் பிர்னோ, அந்தச் செக் நாட்டு பாயிண்ட் டூ டூ (.22) ரைபிள், இப்போது கோவையில் துப்பாக்கிக் கடையில்தான் இருக்கிறது. உன் அப்பா காலமான பின் ஒப்படைத்தது. எனக்கு வேண்டாம் என்று நீ ஒரே வரியில் எழுதிவிட்டாய். கடைக்காரரோ எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்கிறார். வாரிசு என்ற முறையில் என் பெயருக்கே உரிமம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன். சிரிக்காதே. என்.சி.சி.யில் 1976இல் நான் வாங்கிய சி சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாருக்கு அம்மா உரிமம், மகனுக்கா என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன்.

2019ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத் திருத்தத்தில், ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று வந்தபோது நம்மிடம் மூன்று இருந்தன. தாத்தாவின் இரட்டைக் குழலைத்தான் அப்பா 2020 டிசம்பருக்குள் கொடுத்தார். வடக்குத் தோட்டத்தில் பன்றியை விரட்ட வெடி போடுவதற்கு உண்மையில் உதவியது அதுதான். பிர்னோவோ தோட்டா சரியாக ஏறாத நிலையில் கிடந்தது. ஓடாத பிர்னோவை வைத்துக்கொண்டு ஓடுகிறதைக் கொடுக்கிறீர்களே என்று கேட்டேன். அவன் ஒருநாள் வந்து எடுத்துப் பார்ப்பான் என்றார். அவர் உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார். நீயும் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

இரண்டு வாரங்களுக்கு முன் கடைக்குப் போனபோது அங்கிருந்த மெக்கானிக் அதைத் திறந்து காட்டினார். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்துத் தோட்டா அமரும் அறையின் வாய் விளிம்பை மெல்லச் சுற்றித் துடைத்தார். சுற்று முழுவதும் வழுக்கிக்கொண்டு போன பஞ்சு, ஓர் இடத்தில் மட்டும் மாட்டி ஒரு நூல் இழை அங்கேயே தொங்கியது. டார்ச் அடித்து, பாருங்கள் அம்மா என்றார். அரிசியின் முனை அளவுகூட இல்லாத ஒரு சின்னப் பள்ளம். அதன் ஓரத்தில் உள்ளே துருத்திய ஒரு பிசிர். தோட்டா இல்லாமல் யாரோ வெறும் விசையைத் தட்டியிருக்கிறார்கள், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல வருஷம் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

கண்ணு, அதைத் தட்டியது நான்.

திருமணத்துக்கு முன் நான் எப்படிச் சுடுவேன் என்று உனக்குத் தெரியாது. முகாமில் 25 கெஜத்தில் ஐந்து தோட்டா போட்டால் ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும். இந்த வீட்டுக்கு வந்த பிறகு துப்பாக்கி ஆண்கள் எடுப்பது என்றாகிவிட்டது. யாரும் தடுத்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் தாத்தா தோட்டத்துக்கும் அப்பா மில்லுக்கும் போன மதியங்களில், மாடி அறையில் கோரைப் பாயை விரித்துக் குப்புறப் படுத்து, எதிர்ச்சுவரின் தினசரி நாட்காட்டியில் அன்றைய தேதியைக் குறி பார்ப்பேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைப் பிழிவேன். க்ளிக் என்று விழும் கணத்தில் முன்குறி அசையாமல் இருந்தால் அந்தத் தேதி எனக்குச் சொந்தம். ஒரு நாளைக்கு இருபது, சில நாள் முப்பது. நீ பிறந்து பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அதை நான் விடவில்லை.

எனக்குத் தெரியாமல் செய்தேன் என்பது உண்மை. நாங்கள் கல்லூரியில் தோட்டா இல்லாமல் வெறும் பயிற்சி எடுத்ததெல்லாம் .303 என்ற பெரிய ரைபிளில். அதன் ஊசி தோட்டாவின் நடுவில் அடிப்பது. தோட்டா இல்லாவிட்டால் வெற்றிடத்தில் போய் நிற்கும், எதற்கும் சேதம் இல்லை. பாயிண்ட் டூ டூவுக்கு மருந்து விளிம்பில் இருக்கிறது. ஊசி விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லையென்றால் அந்த அடியை அறையின் இரும்பு வாய்தான் வாங்கிக்கொள்ளும். இதை நான் அறிந்துகொண்டது 1993இல், உரிமம் புதுப்பிக்க எடுத்த அன்று, தோட்டா மாட்டிக்கொண்டு வராமல் உன் அப்பா கூச்சல் போட்டு விளக்கியபோது. அதற்குப் பின் நான் சொன்னதற்குத் தெரியாது என்பது பொருந்தாது.

உனக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் தொடவில்லை என்று மூன்று முறை சொன்னாய். களத்தில் உன்னை நிறுத்தி, ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மூன்று மணிக்கு ஏற்றிய கையை விளக்கு வைத்த பிறகுதான் இறக்கவிட்டார். நான் அந்த நேரம் முழுவதும் சமையலறையில் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு முறம் நிறைய உரித்தேன். இடையில் ஒருமுறை வெளியே வந்தேன். நீ என்னைப் பார்த்தாய். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடு, விட்டுவிடுவார் என்று நான்தான் சொன்னேன். நீ கேட்டாய். நீ செய்யாததற்கு என் சொல்லைக் கேட்டு மன்னிப்புக் கேட்டாய். அதன் பிறகு இந்த வீட்டில் ஒரு துப்பாக்கியையும் நீ தொடவில்லை.

அவர் இருந்த வரையில் சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது நாக்கு நுனி வரை வரும். அவர் முகத்துக்கு அஞ்சினேன் என்று எழுதலாம், பொய்யாகாது. ஆனால் சொன்னால் அந்த மதியங்கள் போய்விடும் என்பதற்கே அதிகம் அஞ்சினேன்.

நீ அங்கே பழைய பாயிண்ட் டூ டூக்களைத் தேடித் தேடி வாங்குவதாகவும், வாங்கு முன் ஒவ்வொன்றின் வாய் விளிம்பையும் பூதக்கண்ணாடியில் பார்ப்பதாகவும் மருமகள் முன்பொருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழகுவதற்கு, சுவரில் ஆணிக்கு முன் அடிக்கும் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கைத் தோட்டா இடத்தில் போட்டுக்கொள்வாயாம். நானூறு ரூபாய்க்கு ஒரு மூட்டை கிடைத்திருக்கும் எனக்கு.

அந்தப் பிசிரை நிமிர்த்தலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். கூம்பு போன்ற வழவழப்பான ஓர் எஃகுக் கம்பியை அறைக்குள் விட்டு, துருத்திய இரும்பைத் தள்ளி அதன் இடத்துக்கே அனுப்புவார்களாம். எதையும் அராவி எடுப்பதில்லை. உன்னிடம் அந்தக் கருவி இருக்கும், செய்தும் இருப்பாய். அவரைத் தொடவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் செய்யட்டுமா, அல்லது நீ வரும்வரை அப்படியே இருக்கட்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும். தை மாதம் வா என்று சொல்லவில்லை. வந்தால் மாடி அறை காலியாக இருக்கிறது.

கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. அதற்கு நேரம் எடுத்துக்கொள். ஆனால் போல்ட்டுகளை மதுரைக்காரரிடம் கொடுத்துவிட்டாய் என்பதை மட்டும், இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே, ஒரு வரி வாட்ஸ்அப்பில் போடு. எத்தனை போல்ட் என்று எண்ணிக்கையும் போடு. பதினொன்று இருக்க வேண்டும். அவற்றில் இரண்டு பாதிகள்.

அன்புடன்,
அம்மா