இரண்டில் எந்தக் கூண்டு என்று கேட்ட மகளுக்கு

ஆண்டிபட்டி
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட முகவரிக்கே போடுகிறேன். தில்லைநகர் வீட்டுக்குப் போட்டால் அந்த வாட்ச்மேன் வாங்கி எங்காவது செருகி வைத்துவிடுவார், பொங்கலுக்கு அனுப்பிய கூரியர் மாதிரி. அதற்காகத்தான், வேறொன்றும் இல்லை.

ஒன்றரை மாதமாக "பிஸிம்மா" என்பதைத் தவிர உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. திடீரென்று செவ்வாய்க்கிழமை இரண்டு போட்டோ, கீழே ஒரு வரி. "நாலு கோழிக்கு எது வாங்கட்டும்மா? பூட்டு நல்லா இருக்கணும்." அவ்வளவுதான். மெசேஜில் பதில் போட எனக்கு விரல் வராது. தம்பியை அடிக்கச் சொல்லலாம், ஆனால் அவன் படித்துவிடுவான். அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

முதல் போட்டோவில் இருக்கும் மரக்கூண்டு அழகாகத்தான் இருக்கிறது. பச்சை ஓடு, வெள்ளைச் சன்னல், பொம்மை வீடு மாதிரி. வேண்டாம். அந்த மரத்தின் கனத்தைப் பார், தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி. ஐப்பசி மழையில் ஊறி உப்பினால் கதவு சேராது, சேராத கதவுக்குப் பூட்டு எதற்கு? பின்னாலேயே கரையான் வரும். காற்றுப் போக அந்தச் சன்னல் ஒன்றுதான். கோழி எச்சம் ஈரமானால் ராத்திரியில் கண் எரிகிற மாதிரி ஒரு நெடி கிளம்பும், உனக்குத் தெரியாததா. அந்த நெடி போக வழியில்லை என்றால் கோழிக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகும். கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களிலாவது வலை அடித்துத் திறந்திருக்க வேண்டும். காற்று தலைக்கு மேலே போகட்டும், கோழி மேல் அடிக்கக் கூடாது.

இரண்டாவது, இரும்புக் கூண்டு. அதுதான் சரி, ஆனால் அப்படியே வாங்காதே. திண்டுக்கல் ரோட்டில் ஒரு பட்டறையில் இதே மாதிரி செய்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். நேற்று மாமா மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டே வந்தேன். நாலடிக்கு மூன்றடிக் கூண்டைக் காட்டி "பத்துக் கோழி தாராளமா நிக்கும்மா" என்கிறான் பையன். நிற்கும், பஸ்ஸில் நாம் நிற்கிற மாதிரி. நாள் முழுக்க உள்ளேயே அடைத்து வைப்பதென்றால் ஒரு கோழிக்கு 4 சதுர அடி வேண்டும் என்று நம்மூர் கால்நடை டாக்டர் சொல்வார். அந்தக் கணக்கில் 12 சதுர அடிக்கு மூன்றுதான். பகலில் திறந்துவிட்டு ராத்திரி மட்டும் அடைக்கிறாய் என்றால் ஐந்தாறு கூடத் தங்கும். ஆகவே உன் வீட்டுக் கொல்லை எத்தனை அடி, சுற்றுச்சுவர் இருக்கிறதா, பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுது. அது தெரியாமல் நான் எப்படிச் சொல்வது?

குட்டி அன்றைக்கு உன் போனை எடுத்து, "அம்மாச்சி, எங்க வீட்டுக் கொய்யாமரத்துல அணில் இருக்கு" என்றாள். மூன்றாவது மாடியில் கொய்யாமரமா என்று நான் கேட்கவில்லை. பிள்ளை ஏதோ சொல்கிறது என்று விட்டுவிட்டேன்.

வலையைப் பார்த்து வாங்கு. ஆறு மூலை ஓட்டை போட்ட மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். உள்ளே வருகிறதை அது தடுக்காது. நாய் பல்லால் கிழித்துவிடும், பூனை கையை விட்டு இழுக்கும். அரை அங்குலக் கட்டம் போட்டுப் பற்றவைத்த கம்பிவலை, வெல்டு மெஷ் என்று கேள். சாரைப்பாம்பு, பெருச்சாளி வரைக்கும் அது நிறுத்தும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும், ஏமாந்துவிடாதே. 20 என்று சொன்னால் கையாலேயே வளைக்கலாம். 14 என்றால் 2 மில்லிமீட்டர், அது போதும். கூண்டுக்குக் கால் ஒன்றரை அடியாவது இருக்கட்டும். அடியில் விளக்குமாறு போக வேண்டும், மழைத் தண்ணீரும் ஓட வேண்டும். தரை முழுக்கக் கம்பியாக இருந்தால் கோழிக்குக் காலில் ஆணி விழும். பாதிக்காவது பலகை போட்டு உமியோ தேங்காய் நார்த்தூளோ பரப்பு.

கதவு. கதவைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். உன் தோள் உள்ளே நுழைய வேண்டும், கடைசி மூலை வரை கை எட்ட வேண்டும். பட்டறையில் நான் கையை விட்டுச் சாண் போட்டுப் பார்த்தேன், பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும், கழுவப் போவது அவன் இல்லை. கொண்டியும் பார். மேலே தூக்கினால் திறக்கிற கொண்டியை நாய் மூக்காலேயே தூக்கிவிடும். தூக்கி, இழுத்து, இரண்டு வேலை செய்தால்தான் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

உள்ளே அடையக் குறுக்குக் கம்பு போட்டிருப்பார்கள், பெரும்பாலும் வழுவழுவென்று இரும்புக் குழாய். அதைக் கழற்றிவிட்டு இரண்டங்குல மரச்சட்டம் போடச் சொல், முனை மழுங்கச் செதுக்கி. முட்டைப் பெட்டியை விட அது உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே போய் அடைந்து, முட்டையெல்லாம் எச்சமாக்கும். பெட்டி நாலுக்கு ஒன்று போதும், ஓரடிக்கு ஓரடி. இரண்டு இருந்தாலும் ஒன்றில்தான் சண்டை போடும்.

தகரக் கூரை திருச்சி வெயிலுக்கு அடுப்பு மாதிரி. கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கத்தான் தெரியும். மேலே தென்னங்கீற்று போட்டுக் கட்டு. நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே விழாது. அந்தக் கொய்யாமரத்தடியில் வைக்கலாம்.

சேவல் வேண்டாம். விடியற்காலம் மூன்று மணிக்கே கூவி அக்கம்பக்கத்துச் சண்டையை இழுத்துவிடும். சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டை போடும், என்ன, குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். நான் கோழியைத்தான் சொல்கிறேன்.

இரும்புக் கூண்டு ஒரு சிமெண்டு மூட்டைக் கனம் வரும். வண்டிக்காரன் கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். கொல்லைக்குத் தூக்கிப் போக இரண்டு ஆள் வேண்டும். நீ தனியாகத் தூக்காதே, இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஆள் இருக்கிறீர்களா?

பணத்துக்குக் கஷ்டம் என்றால் சொல். நம் பக்கத்துச் சனத்தில் பி.எட். முடித்து அரசுப் பள்ளியில் உட்கார்ந்தவள் நீ ஒருத்திதான், தம்பி படிப்பைப் பார்த்ததும் நீதான். இதை நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் கூடச் சொல்கிறேன். ஆனால் என்ன பிரயோசனம்? அன்னக்கிளி மகளுக்குத் தெரிகிற விஷயம் எனக்குத் தெரியவில்லை. ரேஷன் கடை வரிசையில் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். சரி, விடு. சித்தி விஷயத்தில் ஊர் பேசியதை நீயும் கேட்டிருக்கிறாய், அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். சித்தியைப் பேசிய ஊரில் முதல் ஆள் நான்தான், தெரியும்.

தம்பி மல்லிகைக்கு மருந்து அடித்தான். கிணற்றில் தண்ணீர் பரவாயில்லை. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

கொண்டியைப் பார்த்து வாங்கு என்று எழுதினேனா? எழுதிவிட்டேன். இப்போது திரும்பவும் அதற்கே வருகிறேன்.

உன் புள்ளிக்கோழியைக் கீரி தூக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வந்த அன்று விடியற்காலம் நாலு மணிக்கு நான்தான் கொண்டியைத் திறந்தேன். கையில் காசு இல்லை. மற்றதில் ஒன்று அடையில் கிடந்தது, மீதி எல்லாம் சவலை. அதுதான் நல்ல விடைக்கோழி. கூண்டுக்குள் கையை விட்டதும் அது கத்தக்கூட இல்லை, நீதான் தூக்குகிறாய் என்று நினைத்திருக்கும். நீ எழுந்து வந்து கேட்டபோது, "ராத்திரி நீ கொண்டி போடல, கீரி கொண்டு போயிருச்சு, கல்யாணம் ஆகப்போறவளுக்கு இவ்வளவு அசட்டையா" என்றேன். மத்தியானம் அந்தக் குழம்பை நீயேதான் பரிமாறினாய். எந்தக் கோழிம்மா என்று கேட்டாய். கடையில் வாங்கினது என்றேன்.

அன்றைக்குப் பூராவும் நீ அழுதாய். கோழிக்காக அழுகிறாய் என்று வந்தவர்களிடம் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அவர்கள் கை நனைத்துவிட்டார்கள், இனி என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நீ இங்கே வரும்போதெல்லாம் ராத்திரி எழுந்து வாசல் கதவு, கொல்லைக் கதவு, கேஸ் எல்லாவற்றையும் மூன்று மூன்று தடவை பார்ப்பாய். அப்பா கேலி செய்வார். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது செவ்வாய்க்கிழமை மெசேஜில் "பூட்டு நல்லா இருக்கணும்" என்று பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. அன்று நீ கொண்டியைச் சரியாகத்தான் போட்டிருந்தாய், பாப்பா.

கோழி நீ வாங்காதே. கடையில் வாங்கினால் நோயோடு வரும். நம் பெட்டை போட்ட ஈட்டில் நாலு சிறுவிடை ஆறு மாதத்துக்கு வந்துவிட்டது, இரண்டு இப்போதே முட்டைக்குக் கேறுகிறது. மாசி முகாமில் நாலுக்கும் றெக்கையில் கழிச்சல் ஊசி போட்டாயிற்று. பஞ்சாரத்தில் மூடி வைத்திருக்கிறேன். கூடையில் வைத்து நானே கொண்டு வருகிறேன், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டால் போட்டுக்கொள்ளட்டும். கூண்டு வருகிற அன்றைக்கு வந்தால் ஒரு பக்கம் நானும் பிடிப்பேன். எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. அப்பாவிடம் கோழி கொடுக்கப் போகிறேன் என்று மட்டும்தான் சொல்வேன். நாலு நாள் தங்குவேன், நீ சொன்னால் அதற்கு மேலும்.

திருச்சியில் இறங்கி எந்த பஸ் ஏற வேண்டும், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா