கோமதி, அந்த 1,050 கலோரியை விடு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தை மாதம் லீவு போடச் சொல்லி இவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் ஹாஸ்டலுக்குப் போனபின் வீட்டில் சத்தமே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும், போன் ஆப் ஒரு நாளைக்கு 1,050 கலோரி என்கிறது என்று எழுதியிருந்தாயே, அது எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிஃப்லின்-செயின்ட் ஜியோர் என்று 1990இல் வந்த வாய்பாடு ஒன்று இருக்கிறது. கிலோவில் எடையை 10ஆலும், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். அதில் வயதை 5ஆல் பெருக்கிக் கழித்து, பெண்களுக்கு இன்னொரு 161ஐயும் கழிக்க வேண்டும். உனக்கு 72 கிலோ, 156 சென்டிமீட்டர், வயது 48. ஆக 720ம் 975ம் கூட்டி, 240ம் 161ம் கழித்தால் 1,294. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உன் உடம்புக்கு ஏறக்குறைய இவ்வளவு வேண்டும். உட்கார்ந்த வேலைக்கு 1.2ஆல் பெருக்கினால் 1,550 சொச்சம். அதில் 500 போக 1,050. கூட்டல் கழித்தலில் ஆப் தப்புப் பண்ணவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி 500ஐக் கழிக்கிறதே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது கணக்கு. தினம் 500 குறைத்தால் வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். தினம் 2,500 செலவழிக்கிற வாட்டசாட்டமான ஆணுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. உனக்கோ மூன்றில் ஒரு பங்கு! பெண்கள் டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் 1,200க்குக் கீழே போகக் கூடாது என்பார்கள். அதற்குள் புரதமும் இரும்புச்சத்தும் கால்சியமும் போதுமான அளவு அடங்குவது கஷ்டம். கொழுப்போடு தசையும் கரையும். வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரலாம், கொத்துக் கொத்தாக முடி கொட்டலாம். கல்யாண வீட்டில் இதெல்லாம் தேவையா?

நீ 300 மட்டும் குறை. 1,250 வரும். மாதத்துக்கு ஒரு கிலோ சொச்சம் இறங்கும், போதும். வாரத்தில் பாதி நாளாவது வேகமாக நடந்தால் 1.2க்குப் பதில் 1.375 போடலாம். அப்போது செலவே 1,780 கிட்ட வரும், 400 குறைத்தாலும் 1,380 சாப்பிடலாம். நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன், பசியோடு சமையலறையில் நிற்பது நம்மால் ஆகாது. எல்லாம் உத்தேசக் கணக்குதான். மூன்று நாலு வாரம் எடை எப்படிப் போகிறது என்று பார்த்து மாற்றிக்கொள். எடை குறையக் குறைய தேவையும் குறையும், மறுபடி போட்டுப் பார்.

எதைக் குறைப்பது என்றால், இட்லியை எண்ணாதே, எண்ணெயைப் பார். நாலு பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் ஆனால் ஆளுக்குத் தினம் 25 மில்லி, அதிலேயே 200 கலோரிக்கு மேல். அப்பளம் பொரிப்பதை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்து. மூன்று வேளைக் காபிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அது ஒரு நூறு. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ வை. பருப்பைக் குறைக்காதே.

ஒன்று மட்டும் கட்டாயம். சுகர் மாத்திரை போடுகிறாய், சாப்பாட்டைக் குறைக்கும் முன்னால் டாக்டரிடம் சொல். சில மாத்திரைகளைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு குறைவாகச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். கை நடுங்கி வியர்த்தால் அந்த நேரம் கலோரியைப் பார்க்காமல் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிடு.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
வள்ளி